ஆளில்லா நிலமும் நிலமில்லா ஆளும்

பள்ளி ஆண்டு மலர்களிலும் கோயில் குடமுழுக்கு மலர்களிலும் பழைய நிழற்படம் ஒன்றை முன்பக்கத்தில் இடுவது கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரங்களில் வழக்கமாகிவிட்டது. பழைய மதுரை, பழைய தஞ்சை, பழைய கோலாலம்பூர் என ஏதேனும் ஒன்று அங்கே இடம்பெறும். கீழே ‘அக்காலக் காட்சி’ என்று இரண்டு சொல் இருக்கும். எடுத்தவர் யார்? எந்த ஆண்டு எடுத்தார்? எதற்காக எடுத்தார்? எதை எடுக்காமல் விட்டார்? இவ்வினாக்கள் எழுவதில்லை. ஒரு சங்கச் செய்யுளைத் திணையும் துறையும் பாடியவர் பெயரும் இன்றி வகுப்பில் வைத்தால் தமிழாசிரியர் பொறுப்பாரா? நிழற்படத்திற்கு மட்டும் ஏன் அந்தப் பொறுமை?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நில அளவைப் பயணங்களும் அரசு அனுப்பிய தூதுக் குழுக்களும் எடுத்துவந்த நிலக்காட்சிப் படங்களே இப்பழைய படங்களுள் தலைசிறந்தவை. அழகில் அவை குறைந்தவை அல்ல. ஆயினும் அவற்றை வாசிக்காமல் அழகென்று மட்டும் போற்றுவது, பாட்டின் பொருளை விட்டு ஓசையை மட்டும் போற்றுவது போன்றதாகும். தமிழ்நாட்டு மண்ணை முதன்முதலில் விரிவாகப் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் என்பாரின் படங்களைக் கொண்டு இதனை ஆராய்வது பயன் தரும்.

அளவைக்காரர் சென்ற பாதையில்

காமிராவுக்கு முன்னரே தமிழ்நாட்டிற்கு வந்தது அளவுகோல். 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை அளந்து, இந்தியப் பெரு முக்கோண அளவைக்கு வழிகோலினார். காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. ஆகவே கோயில்களின் உயரங்களே அவருக்கு அளவை நிலையங்கள் ஆயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது, அரை டன் எடையுள்ள தியோடலைட் என்னும் கோணமானியை ஏற்றியபோது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் உழைத்து அதனைத் தம் கையாலேயே சீராக்கினார். இராசராசன் எழுப்பிய கோயில், அளவைக்காரர் கண்ணுக்கு ஓர் உயரமான இடமாகத் தோன்றியது. இதனை நினைவில் வைத்துக்கொண்டால், ஐம்பது ஆண்டு கழித்து அதே இடத்திற்கு வந்த காமிராவின் நோக்கும் எளிதில் விளங்கும்.

டிரைப் 1822இல் பிறந்து 1902இல் மறைந்தவர். சென்னைப் படையில் கேப்டனாக இருந்தவர். 1854இல் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்துப் பெயர் பெற்றார். அடுத்த ஆண்டில், பர்மிய மன்னர் மின்டோனைக் காண ஆர்தர் பெய்ர் தலைமையில் ஆவா நாட்டிற்குச் சென்ற தூதுக் குழுவில் படமெடுப்பவராக இடம்பெற்றார். அக்குழுவில் பின்னாளில் புகழ்பெற்ற ஹென்றி யூல் இருந்தார். நிலவியல் அறிஞர் தாமஸ் ஓல்டாம் இருந்தார். ஆற்றை அளப்பவர், பாறையை ஆய்பவர், படம் வரைபவர் ஆகியோரோடு காமிராவும் சென்றது. பெயரளவில் அது தூது. செயலளவில் அது ஒரு நாட்டையே அளந்தறியும் பயணம். அங்கிருந்து டிரைப் கொணர்ந்தவற்றுள் 120 படங்கள் தொகுப்பாக வெளியிடப்பட்டன.

இப்பணியின் பயனாக அவர் சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரர் ஆனார். ஓவியரை அமர்த்துவதைக் காட்டிலும் காமிரா செலவு குறைந்தது, பிழையும் குறைந்தது என்று கிழக்கிந்தியக் கம்பெனி அக்காலத்தில் கருதத் தொடங்கியிருந்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட டிரைப், சேலம் மாவட்டத்து இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை, திருவையாறு ஆகிய இடங்களில் படமெடுத்துக்கொண்டு 1858இன் கோடையில் சென்னையை அடைந்தார். அப்படங்கள் அவ்வாண்டிலேயே ஒன்பது தொகுதிகளாக உருப்பெற்றன. அவற்றுள் நான்கு மதுரைக்கே உரியவை.

பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், நிதி நெருக்கடிக் காலத்தில் இது மிகையான ஆடம்பரம் என்று முடிவு செய்து நிறுத்திவிட்டார். மலிவு என்று தொடங்கியது ஆடம்பரம் என்று முடிந்தது.

தாளும் வெயிலும்

இப்படங்களைத் திறனாய்வு செய்பவர் அவை உருவான முறையை அறிந்திருத்தல் வேண்டும். அறியாதார் கூறும் குற்றச்சாட்டு நிலைக்காது. டிரைப் பெரும்பாலும் கண்ணாடித் தகட்டில் எடுக்கவில்லை. மெழுகு ஊட்டிய தாளில் எதிர்ப்படம் எடுத்தார். கண்ணாடி முறையில் மருந்து ஈரமாக இருக்கும்போதே படமெடுத்து உடனே கழுவ வேண்டும். மெழுகுத் தாளை முன்னதாகவே பக்குவம் செய்து வைத்துக்கொள்ளலாம். சில நாள் கழித்தும் கழுவலாம். தூசியும் வெயிலும் மிகுந்த நெடும்பயணத்திற்கு அதுவே ஏற்றது.

ஆனால் அத்தாளுக்கு ஒளியுணர்வு குறைவு. ஒரு படத்திற்குப் பல நிமிடம் காமிராவின் கண்ணைத் திறந்துவைக்க வேண்டும். அந்நேரத்தில் நடந்து செல்பவர் தாளில் பதியமாட்டார். பறக்கும் பறவையும் மேயும் மாடும் பதியா. மேலும் அக்கால மருந்து நீல ஒளியை மிகுதியாகவும் பச்சையைக் குறைவாகவும் ஏற்கும். ஆதலின் வானம் வெறும் வெளுப்பாகும். மரம் கரிய திட்டாகும்.

டிரைப் இதனை எவ்வாறு எதிர்கொண்டார்? எதிர்ப்படத்தின் மீது வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். இலைகளுக்கு ஒளியும் நிழலும் கூட்டினார். தூரிகையின் வேலை என்று தோன்றாதவாறு நயமாகச் செய்தார். ‘காமிரா பொய் சொல்லாது’ என்று வகுப்பில் சொல்லிப் பழகியவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். 1858இலேயே, அரசு ஆவணமாக எடுத்த படத்திலேயே, கை வேலை கலந்திருந்தது. அது குற்றமன்று. ஆனால் அதிலிருந்து ஓர் உண்மை வெளிப்படுகின்றது: காமிரா தவறவிட்டதை மீட்டுக்கொள்ள விரும்பினால் டிரைப்பால் மீட்டுக்கொள்ள முடிந்தது.

மூன்று படங்கள்

முதலாவது இராயக்கோட்டை. மலையுச்சியிலிருந்து எடுத்த படத்திற்கு ‘வடவடமேற்கு நோக்கிய காட்சி’ என்று தலைப்பிலேயே திசை குறிக்கப்பட்டுள்ளது. மலையழகில் மயங்கிய ஒருவர் திசைகாட்டியைப் பார்த்துத் தலைப்பிடுவாரா? இது அளவைக்காரர் இட்ட தலைப்பு. இராயக்கோட்டை, மைசூர்ப் போரின்போது 1791இல் ஆங்கிலேயர் கைக்கு வந்த மலைக்கோட்டை. அங்கிருந்து பார்த்தால் எந்த வழி தெரியும், எந்த வெளி தெரியும் என்பது படைத்தலைவருக்கு வேண்டிய செய்தி. ஆயினும் படம் வெறும் செய்தியாக நின்றுவிடவில்லை. மலையுச்சியில் நிற்பவரின் கண் எதனைக் கண்டு வியக்குமோ அதனைக் காமிராவும் கண்டுள்ளது. ஒரு படைவீரரின் கண்ணும் ஓர் ஓவியரின் கண்ணும் ஒரே முகத்தில் இருந்தன என்பதற்கு இப்படம் சான்று.

இரண்டாவது வைகை. 1858 தொடக்கத்தில் எடுத்தது. அகன்று வெளிறிய ஆற்றுப் படுகை, அதனைக் கடந்து மதுரைக்குச் செல்லும் தரைப்பாலம், அப்பால் ஊர். படத்தில் கூறுகள் மிகச் சிலவே. அச்சிலவற்றைக் கொண்டு பெரும் பரப்பைக் காட்டியிருப்பதே கலைத்திறம். பாலத்தின் கோடு கண்ணை அழைத்துச் செல்கின்றது. சொற்சுருக்கம் மிக்க ஒரு சிறு செய்யுளைப் படிப்பது போன்ற நிறைவை இப்படம் தருகின்றது. ஆனால் மதுரைக்குச் செல்லும் பாலத்தில் மதுரைக்குச் செல்வோர் இல்லை.

மூன்றாவது தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு. விமானத்தின் அடித்தளத்தைச் சூழ ஓடும் எழுத்துகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஆக்கினார் டிரைப். காமிராவை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு முறையும் அதே தொலைவு, அதே உயரம் பேணி, விளிம்பும் விளிம்பும் பொருந்துமாறு எடுப்பது எளிய செயலன்று. சங்கிலி பிடித்து நிலம் அளப்பவர் ஒவ்வொரு சங்கிலியாகச் செல்வதைப் போல இவர் ஒவ்வொரு தாளாகச் சென்றிருக்கிறார். அவருடைய பணி முழுவதிலும் இதற்கு நிகரானது வேறொன்றில்லை எனலாம்.

ஆயினும் டிரைப் அவ்வெழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவர் அல்லர். கல்லின் வடிவத்தை எடுத்தார். கல்லின் சொல் அவருக்கு எட்டவில்லை. அக்காலத்தில் அக்கோயிலைக் கட்டியவர் இராசராசன் என்பதே அறிஞர் உலகில் உறுதிப்பட்டிருக்கவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 1886இல் சென்னை அரசின் கல்வெட்டறிஞராக வந்த ஹூல்ஷ் படியெடுத்துப் படித்து, 1891 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட பின்னரே அக்கல் பேசத் தொடங்கியது. தானும் தன் தமக்கையும் தன் பெண்டிரும் பிறரும் கோயிலுக்குக் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு இராசராசன் இட்ட ஆணை அதில் உள்ளது. அதே கோயிலின் வடபுறத் திருச்சுற்று மதிலில் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர் உள்ளது. ஒவ்வொருத்தியும் எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், தஞ்சையில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் இருந்தாள் என்பதும் உள்ளது. ஆடல் ஆசான், பாடுவோர், கணக்கர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் ஆகியோரும் அப்பட்டியலில் உள்ளனர். கோயிலைக் கட்டிய காலத்து மக்கள் கல்லில் நிறைந்திருக்கின்றனர். கோயிலைப் படமெடுத்த காலத்து மக்களோ தாளில் இல்லை.

பதினான்கில் எத்தனை?

தமிழ் மரபில் நிலம் என்பது வெறும் பரப்பன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் தோன்றுவன கருப்பொருள். அங்கே மனத்தில் நிகழ்வது உரிப்பொருள். பாட்டில் இம்மூன்றும் முறையே ஒன்றைவிட ஒன்று சிறந்தவை என்பது தொல்காப்பியர் கொள்கை. கருப்பொருளைப் பதினான்காக விரித்துரைப்பது நம்பியகப்பொருள்: தெய்வம், உயர்ந்தோர், அல்லோர், புள், விலங்கு, ஊர், நீர், பூ, மரம், உணவு, பறை, யாழ், பண், தொழில்.

இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டிரைப்பின் படங்களைப் பார்த்தால் என்ன கிடைக்கின்றது? தெய்வத்தின் இருப்பிடம் உண்டு. ஊர் உண்டு, நீர் உண்டு, மரம் உண்டு. பறையும் யாழும் பண்ணும் காதுக்குரியவை. அவற்றைக் காமிராவிடம் எதிர்பார்ப்பது நேர்மையாகாது. புள்ளும் விலங்கும் அசைவன, அவற்றையும் விட்டுவிடலாம். எஞ்சுவனவற்றுள் முதன்மையானவை உயர்ந்தோர், அல்லோர், தொழில் என்னும் மூன்று. பெரும்பாலான படங்களில் இம்மூன்றும் இல்லை. உழுதவர் இல்லை, நெய்தவர் இல்லை, தேர் இழுத்தவர் இல்லை. கருவே குறைபட்டமையால் உரிப்பொருள் தோன்றவும் இடமில்லை.

அகப்பாட்டுக்கு வகுத்த இலக்கணத்தை அரசாங்கப் படத்தின் மீது ஏற்றலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். டிரைப் அகத்திணை பாட வந்தவர் அல்லர். அவரை அதற்காகக் குறை கூறுவது முறையுமன்று. இலக்கணம் இங்கே தண்டிக்கும் கோல் அன்று, அளக்கும் கோல். படத்தில் எது இருக்கின்றது, எது இல்லை என்பதை ஒழுங்காக எண்ணிப் பார்க்க அது துணை செய்கின்றது. அவ்வளவே.

மருந்தின் குறை மட்டுமா?

மக்கள் இல்லாமைக்கு இருவகையான விளக்கம் கூறுவர். காலனி ஆட்சியர் வேண்டுமென்றே நிலத்தை ஆளற்றதாகக் காட்டினர் என்பது ஒன்று. ஆளற்ற நிலம் ஆள்வதற்கு எளிது அல்லவா என்பது அவர்கள் வாதம். தாளின் ஒளியுணர்வு குறைவு, ஆதலால் மக்கள் பதியவில்லை, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் அரைகுறையானவை.

பல நிமிடம் கண் திறந்திருக்கும் காமிராவின் முன் நடப்பவர் மறைவர் என்பது உண்மை. முதல் வாதத்தினர் இதனை மறந்துவிடுகின்றனர். ஆனால் அசையாமல் நிற்பவரும் அமர்ந்திருப்பவரும் பதிவர் என்பதும் உண்மை. இரண்டாம் வாதத்தினர் இதனை மறந்துவிடுகின்றனர். மேகத்தைத் தாளில் தாமே தீட்டியவர் டிரைப். வானத்தின் குறையைப் போக்க அவ்வளவு பொறுமை காட்டியவர், பாலத்தின் ஓரம் ஒருவரைச் சற்று நிற்கச் சொல்லும் பொறுமையை அரிதாகவே காட்டினார். வஞ்சகம் என்று சொல்லச் சான்று இல்லை. மக்கள் அவருடைய பணிக்குத் தேவைப்படவில்லை என்று சொல்லலாம். கட்டடத்தை அளப்பவருக்கு அதன் நிழலில் உறங்குபவர் ஓர் இடையூறே.

இது டிரைப் ஒருவரின் குறையன்று என்பதை அமெரிக்கப் படங்களோடு ஒப்பிட்டால் அறியலாம். அங்கே மேற்குப் பாலைகளை அளக்கச் சென்ற கிளாரன்ஸ் கிங்கின் குழுவில் 1867 முதல் திமோத்தி ஒசல்லிவன் படமெடுத்தார். 1873இல் வீலரின் அளவைக் குழுவோடு சென்றபோது, நியூ மெக்சிகோவில் எல் மோரோ என்னும் பாறையில் பழைய ஸ்பானியர் பொறித்த எழுத்தைப் படமெடுத்தார். எழுத்தின் கீழே ஓர் அளவுகோலை வைத்து எடுத்தார். தஞ்சைக் கல்வெட்டும் எல் மோரோக் கல்வெட்டும் உலகின் இரு மூலைகளில் ஒரே வகையான கண்ணுக்கு இரையாயின: எழுத்தைப் படிக்குமுன் அதன் நீளத்தை அளக்கும் கண்.

ஆனால் ஒசல்லிவன் வேறொன்றும் செய்தார். 1867இல் நெவாடா மணற்குன்றுகளை எடுத்தபோது, தம் இருட்டறையைச் சுமந்துவந்த கோவேறு கழுதை வண்டியையும், அங்கிருந்து தாம் நடந்துவந்த காலடித் தடத்தையும் படத்துக்குள் விட்டுவைத்தார். ‘இந்தப் படம் தானாக வரவில்லை, உழைத்து எடுக்கப்பட்டது’ என்று அத்தடம் சொல்கின்றது. டிரைப்பின் தமிழ்நாட்டுப் படங்கள் அவ்வாறு சொல்வதில்லை. காமிராவையும் மருந்துப் பெட்டிகளையும் தாள்களையும் ஊர் ஊராகச் சுமந்த மாட்டு வண்டிகள் இருந்தன, ஓட்டியவர்கள் இருந்தனர், நீர் இறைத்துக் கொடுத்தவர்கள் இருந்தனர். அவர்கள் பெயர் தொகுதிகளின் முகப்பில் இல்லை. தமிழர் உழைப்பு அப்படங்களின் உள்ளே இருக்கின்றது. தமிழர் உருவம் அவற்றின் மேலே இல்லை.

நிலமில்லாத மக்கள்

அவ்வாறாயின் அக்காலக் காமிரா மக்களை எடுக்கவே இல்லையா? எடுத்தது, வேறு வகையில். ஃபோர்ப்ஸ் வாட்சன், ஜான் வில்லியம் கே ஆகிய இருவரும் தொகுத்த ‘இந்திய மக்கள்’ என்னும் பெருந்தொகுப்பு 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. அதில் மக்கள் இருக்கின்றனர். சாதிக்கொருவர், குலத்திற்கொருவர் என நிறுத்தி எடுக்கப்பட்டனர். ஆனால் அவர்கள் நிற்கும் நிலம் பெரும்பாலும் இல்லை. செடியைப் பிடுங்கி ஏட்டில் ஒட்டுவது போல மனிதரைப் பிடுங்கி ஒட்டியுள்ளனர்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அப்போது வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் படையதிகாரி பசியால் எலும்பாய்ப்போன மக்களை வரிசையாக அமர்த்திப் படமெடுத்தார். அப்படங்கள் பஞ்சத்தின் கொடுமையை உலகறியச் செய்தன. எடுத்த முறை அக்காலத்திலேயே கண்டனத்திற்கும் ஆளாயிற்று. இருபது ஆண்டுக்கு முன் ஆற்றுப் பாலத்தில் நடந்தபோது காமிரா காணாத மக்களை, சாகும் நிலையில் அது கண்டது. வெறும் நிலத்திற்கும் வெறும் எலும்புக்கும் இடையே ஒரு முழு வாழ்க்கை இருந்தது: உழவும் நெசவும் திருமணமும் திருவிழாவும். அவ்வாழ்க்கையை அரசின் படத்தொகுதிகளில் தேடுவோர்க்குக் கிடைப்பது மிகச் சிறிது.

பஞ்சமும் வறுமையும் துரத்த, நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களின் வழிவந்தோர் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர். அவர்கள் வைகைப் படத்தைப் பார்க்கும்போது ஒன்று நிகழ்கின்றது. டிரைப் வைக்காத உரிப்பொருளைப் பார்ப்பவர் உள்ளம் வைக்கின்றது. மதுரைக்குச் செல்லும் பாலம் அவர்களுக்கு மதுரையை விட்டுச் செல்லும் பாலமாகின்றது. பிரிதல் பாலைக்கு உரியது என்று பாடம் சொல்லும் ஆசிரியர்க்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. ஆளில்லாத படம் வாசிப்பவரால் நிறைவு பெறும் என்பதே இதன் பொருள். ஆனால் வாசிப்பவருக்கு ஆண்டும் இடமும் நோக்கமும் தெரிந்திருந்தால்தான் அந்நிறைவு உண்மையானதாகும். இல்லையேல் வெறும் ஏக்கமாகும்.

கிள்ளான் ஆற்றங்கரையில்

டிரைப் பெங்களூரிலிருந்து புறப்பட்ட அதே 1857ஆம் ஆண்டில், கிள்ளானிலிருந்து ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர் ஆற்று வழியே சென்று அம்பாங்கில் ஈயம் தேடினர். கோலாலம்பூர் என்னும் ஊர் அதனால் தோன்றியது. இங்கும் அளவுகோல் முந்தியது. சிலாங்கூரின் பொதுப்பணி, நில அளவைப் பொறுப்பிலிருந்த டேலி, தீபகற்பத்தில் 1875 முதல் நடந்த அளவைகளைப் பற்றி 1882இல் இலண்டன் அரச புவியியற் கழகத்திற்குக் கட்டுரை அளித்தார். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் அருகே புக்கிட் கூடா வரை இரயில் ஓடத் தொடங்கியது. சிங்கப்பூரிலிருந்து வந்த லாம்பெர்ட் நிறுவனத்தார் வளர்ந்துவரும் ஊரைப் படமெடுத்தனர். 1907இல் கிளைன்குரோத்தே வெளியிட்ட மலாயாப் படத்தொகுதி, ஊரும் சுரங்கமும் தோட்டமும் இரயிலும் எவ்வளவு சீராக உள்ளன என்று முதலீட்டாளர்க்குக் காட்டியது போல் அமைந்துள்ளது.

இப்படங்களும் தஞ்சைப் படங்களின் உறவினரே. பாதை தெரியும், பாதை வெட்டியவர் தெரியார். பால் மரங்களின் வரிசை தெரியும்; விடியுமுன் வாளியோடு அவ்வரிசையில் நின்றவர் தெரியார். தெரிந்தாலும் பெயர் இல்லை. ‘தமிழ்க் கூலிகள்’ என்னும் தலைப்பே அவர்களுக்குப் பெயர்.

மறுபுறம், தோட்டத்துக் குடும்பங்கள் தாமே எடுத்துக்கொண்ட படங்களும் உண்டு. திருமணம் முடிந்ததும், குழந்தை பிறந்ததும், ஊருக்கு அனுப்புவதற்கென்று கிள்ளானுக்கோ பிரிக்பீல்ட்சுக்கோ சென்று படக்கடையில் நின்று எடுத்துக்கொண்டார்கள். உடுத்தியது நல்ல புடவை. பின்னே தொங்கியது தூணும் தோட்டமும் தீட்டிய திரை. பால்மரமும் லயமும் வேலியும் அங்கே இல்லை. பெயரும் முகமும் உண்டு, நிலம் இல்லை. முதலாளியின் படத்தில் ஆளில்லா நிலம். தொழிலாளியின் படத்தில் நிலமில்லா ஆள். ஒரே வாழ்க்கையின் இரண்டு பாதிகள் வேறு வேறு பெட்டிகளில் கிடக்கின்றன.

இவ்விரு பாதிகளையும் இணைப்பது இன்று அருமையாகி வருகின்றது. ஏனெனில் மூன்றாவதான மண்ணும் மாறிவிட்டது. சுங்கை ரெங்கம் தோட்டம் இன்று ஷா ஆலம் மாநகர். சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா. எஃபிங்காம் தோட்டம் பண்டார் உத்தாமா. எஃபிங்காம், சீபீல்டு என்னும் பெயர்களை இன்றும் தாங்கி நிற்பவை தமிழ்ப்பள்ளிகள். தோட்டம் போனபின் தோட்டத்தின் பெயரைப் பள்ளிக்கூடம் சுமக்கின்றது. அப்பள்ளியில் படிக்கும் பிள்ளை, பள்ளியின் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அடுக்குமாடிகளைச் சுட்டி என்ன விடை கூறுவது?

ஆசிரியர் செய்யத்தக்கது

டிரைப்பின் படங்களைத் தள்ளிவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அவை இல்லாவிடில் 1858ஆம் ஆண்டு மதுரையையும் தஞ்சையையும் இவ்வளவு நுண்மையாகக் காண வழியே இல்லை. அவருடைய கைத்திறமும் பொறுமையும் போற்றத்தக்கவை. வைகைப் படம் உலகின் சிறந்த நிலக்காட்சிப் படங்களோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கது. ஆயினும் போற்றுவதோடு நிற்காமல், படத்திற்கு உரை எழுதும் பழக்கம் தமிழர்க்கு வேண்டும். உரையாசிரியர்கள் வளர்த்த மொழிக்கு அது புதிய வேலையன்று.

வகுப்பில் ஒரு பழைய படத்தை வைத்து மூன்று வினா கேட்கலாம். முதற்பொருள் எது: எந்த நிலம், எந்த ஆண்டு, நிழல் விழும் திசையைக் கொண்டு எந்தப் பொழுது? கருப்பொருளில் எவை உள, எவை இல? படமெடுத்தவர் யாருக்காக எடுத்தார்? இம்மூன்றுக்கும் விடை தேடும் மாணவர் வரலாற்றையும் இலக்கியத்தையும் ஒருங்கே கற்பர்.

வீட்டிலும் ஒரு வேலை உண்டு. அலமாரியில் கிடக்கும் குடும்பப் படத்தை எடுத்து, அதன் பின்புறம் பென்சிலால் நான்கு செய்தி எழுதச் சொல்லலாம்: நிற்பவர் பெயர், வேலை, வாழ்ந்த தோட்டமும் பிரிவும், ஏறத்தாழ எந்த ஆண்டு. பாட்டியும் தாத்தாவும் இருக்கும்போதே கேட்டு எழுத வேண்டும். படக்கடைத் திரைக்குப் பின்னால் இருந்த லயம் எது, எந்த வரிசையில் பால் வெட்டினார்கள், கோயில் எந்தப் பக்கம் இருந்தது என்பதை அவர்களே சொல்ல முடியும். அதனைக் கேட்டுப் பிள்ளைகள் தோட்டத்தின் படம் ஒன்றை வரையட்டும். கோடு கோணலாக இருந்தாலும் குற்றமில்லை. தோட்டப் பெயரைத் தாங்கும் ஒவ்வொரு பள்ளியும் அவ்வாறு ஓர் ஏடு தொகுத்தால், பள்ளிப் பெயரைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்கு எடுத்துக் காட்ட ஒன்று இருக்கும்.

தஞ்சைக் கோயிலின் மதிலில் 400 பெண்களின் பெயரும் வீடும் ஆயிரம் ஆண்டாக நிற்கின்றன. அரசன் ஆணையிட்டான், சிற்பி வெட்டினான். தோட்டத்துப் பெண்களின் பெயரையும் வீட்டையும் எழுத அரசாணை வேண்டியதில்லை. ஒரு பென்சிலும், கேட்பதற்கு ஒரு மாலைப்பொழுதும் இருந்தால் போதும்.